சங்குமுனைக்கு ஒரு பச்சை வட்டம்

அன்று மாலையும் சங்குமுனைக்கு வட்டம் விழவில்லை.

"கோடு போட்டிருக்கு," என்றார் ஆவுடையப்பன். "நேத்தாவது டிக்கு. இன்னைக்குக் கோடு. இனிமே இதைக் கொண்டு வராதன்னு அர்த்தம்."

"அவரா போட்டாரு? உங்க மெஷின்தான போட்டுச்சு," என்றாள் சலேத்மேரி.

"ரெண்டும் ஒண்ணுதான் தாயி. அப்படி இருக்கணும்னுதான எனக்குச் சம்பளம் தாராவ."

பவளத்தீவுக் கூட்டரசின் அதிபருக்குத் தினமும் காலையில் ஒரே ஒரு தாள் போகும். வெளியே யார் நமக்குக் குழி தோண்டுகிறார்கள், இன்று எதற்குப் பயப்பட வேண்டும், எல்லாம் அந்த ஒரு தாளில் அடங்க வேண்டும். அதைத் தயாரிக்கிற இடம்தான் தகவல் பிரிவு. ஒற்றர்கள் அனுப்புவது, வானத்திலிருந்து எடுத்த படங்கள், ஒட்டுக்கேட்டது என்று நாள் முழுக்க வந்து குவியும். அதில் ஏழே ஏழு செய்திகள்தான் தாளில் ஏறும். அதிபர் காலை ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டே படிப்பார், கையில் பச்சை மைப் பேனாவோடு. டிக் போட்டால் பார்த்துவிட்டேன் என்று பொருள். கோடு போட்டால் இதைத் திரும்பக் கொண்டு வராதே என்று பொருள். வட்டம் போட்டால் காரியம் நடக்கும். படை நகரும், தூதர் ஓடுவார், கஜானா திறக்கும். யார் எழுதிய செய்திக்கு வட்டம் விழுகிறதோ அவருக்கு மற்றவர்கள் சேர்ந்து வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும் என்பது பிரிவில் வெகுநாள் வழக்கம்.

அப்புறம்தான் நிழல் என்கிற மெஷின் வந்தது. அதைச் செய்தவர் ஆவுடையப்பன். அதிபர் இத்தனை வருஷமாகப் போட்ட டிக், கோடு, வட்டம் எல்லாவற்றையும் அதற்கு ஊட்டினார். எந்த வரியில் அவர் கண் நின்றது, எந்த வரியில் டீயைத் தேடினார் என்பதைக்கூட விடவில்லை. ஒரு செய்தியைக் கொடுத்தால் அதிபர் என்ன செய்வார் என்று நிழல் முன்கூட்டியே சொல்லும். ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் போட்டுப் பார்த்தார்கள். காலையில் தாள் போய்த் திரும்பி வந்தால் நிழல் சொன்ன இடத்தில் அச்சாக வட்டம் இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அப்படியே. அதற்குப் பிறகு பிரிவுத் தலைவர் மாசிலாமணி ஒரு விதி கொண்டுவந்தார். நிழல் வட்டம் போடாத செய்திக்குத் தாளில் இடம் இல்லை.

"அவர் ஒண்ணும் செய்யப் போறதில்லன்னு தெரிஞ்சப்புறம் அவர் நேரத்தை எதுக்குக் கெடுக்கணும்?" என்று அவர் கேட்டபோது எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சலேத்மேரிக்கும் பட்டது.

சங்குமுனைச் செய்தி வடகரை நாட்டிலிருந்து வந்தது. கடலுக்கடியில் உலோகம் தோண்டுகிற ஒரு கம்பெனியில் நமக்கு ஓர் ஆள் உண்டு. பம்புகளைக் கவனிக்கிற பெண். பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் நத்தை. அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: தோண்டிய இடத்தில் கடலடிச் சரிவு பிளந்துவிட்டது. கம்பெனிக்கே தெரியும், மூடி மறைக்கிறார்கள். சரிவு கழன்று விழுந்தால் எழும்புகிற அலை முதலில் அடிக்கிற இடம் சங்குமுனை. எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அதிக நாள் தாங்காது.

சங்குமுனை ஒரு சின்னத் தீவு. தென்னை உயரத்துக்குக்கூட மேடு கிடையாது. அங்கே ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிற பிரகாசியம் சலேத்மேரியின் தம்பி.

அவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். ஊர் காலியானால் அது செய்தியாகும். வடகரைக்காரன் அதைப் பார்ப்பான். இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தேடுவான். பிளவைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனியில் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். நத்தை அன்றைக்கே செத்தாள். நத்தையை விட்டுக்கொடுத்து ஊரைக் காப்பாற்றலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் நாட்டில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவரிடம் செய்தி போக வேண்டும் என்றால் தாளில் ஏற வேண்டும். தாளில் ஏற நிழல் வட்டம் போட வேண்டும்.

மறுநாள் மதியம் பிரகாசியமே கூப்பிட்டான்.

"யக்கா, கொடியேத்தத்துக்கு வாரியா இல்லியா? இந்த வருசம் நான்தான் திருநாள் கமிட்டித் தலைவரு. நீ வரலேன்னா ஊர்ல என்ன பேசுவாவ?"

"எனக்கு உடம்பு சரியில்லல. நீ பிள்ளையளைக் கூட்டிக்கிட்டு இங்க வாயேன்."

"என்ன உடம்புக்கு?"

"என்னமோ. வந்து பாரு."

"கொடியேத்திட்டு வாரேன். இப்பம் நான் ஊரை விட்டு நவுந்தா ஃபாதர் என்னையக் கொடிமரத்துல கட்டிருவாரு."

"அதுக்கு முன்னால வரச் சொல்லுதேம்ல."

"யக்கா, நீ புள்ளிவிவர ஆபீஸ்ல உக்காந்து உக்காந்தே சீக்காளி ஆயிட்ட. எந்திரிச்சு நாலு நட நட."

புள்ளிவிவரத் துறையில் வேலை என்றுதான் அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். பிரிவில் எல்லாரும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அன்று மாலை ஆவுடையப்பன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணாச்சி, நான் மாத்தி மாத்தி எழுதுதேன். நீங்க போட்டுப் போட்டுப் பாருங்க."

முதலில் பிளவின் படத்தைச் சேர்த்தாள். கோடு. தீவில் இருக்கிற சனத்தின் எண்ணிக்கையைச் சேர்த்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கணக்குக் காட்டினாள். டிக். "நடக்க வாய்ப்புண்டு" என்பதை "நடப்பது உறுதி" என்று மாற்றினாள். மறுபடி கோடு. ஏன் என்று கேட்டால் நிழல் காரணமும் சொல்லும். 'இரண்டாவது வரியிலேயே அதிபரின் கவனம் விலகிவிடும். இது வானிலைத் துறையின் வேலை என்று நினைப்பார்.'

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டா? கோவிக்கக் கூடாது. நீ தீவைப் பத்தியே எழுதுத. இத்தன வருச வட்டத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து ஊட்டினவன் நான். தீவைப் பத்தி எழுதி வட்டம் வாங்குனவன் கிடையாது. அவரைப் பத்தி எழுது."

"அவருக்கு இதுல என்ன இருக்கு?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும்."

அவள் முதல் வரியை அழித்தாள். பிறகு எழுதினாள்: 'சங்குமுனையைப் பேரலை தாக்கினால், எதிர்க்கட்சித் தலைவரின் படகுகள்தான் முதலில் அங்கே போய்ச் சேரும். அவருடைய ஊர் பக்கத்துத் தீவு. அதிபர் போய்ச் சேருவதற்குள் மக்களின் கண்ணீரைத் துடைத்த பெயர் அவருக்குப் போய்விடும்.' அதற்குக் கீழே பிளவு, அலை, சனத்தொகை எல்லாவற்றையும் பழையபடியே வைத்தாள்.

திரையில் பச்சையாக ஒரு வட்டம் விழுந்தது.

ஆவுடையப்பன் கை தட்டினார். சலேத்மேரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மாசிலாமணி வந்து படித்தார்.

"இது தகவலாம்மா?"

"பொய் ஒண்ணும் இல்லையே சார்."

"பொய் இல்லை. ஆனா நத்தை உயிரைப் பணயம் வச்சுச் சொன்னது இதில்லையே."

"அது கீழே இருக்கு சார். மொத்தமும் இருக்கு. அவர் படிச்சாப் போதும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை தாள் திரும்பி வந்தபோது சங்குமுனைக்கு வட்டம் இருந்தது, கொஞ்சம் கோணலாக, அதிபரின் கை போடுகிற மாதிரியே. பஜ்ஜி வந்தது. சலேத்மேரி நாலு தின்றாள். எத்தனை நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பஜ்ஜித் தட்டைக் கழுவி வைப்பதற்குள் அதிபர் மாளிகையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. மாசிலாமணி அதைச் சத்தமாகவே படித்தார். நிவாரணக் கப்பல் ஒன்று உடனே புறப்பட வேண்டும். சங்குமுனைக்கு வெளியே ஆழ்கடலில் நிற்க வேண்டும். பேரலை அடித்து ஓய்ந்ததும் எந்தப் படகும் கரை சேருவதற்கு முன்னால் அது கரை சேர வேண்டும். கப்பலில் அதிபரின் படம் இருக்க வேண்டும்.

"அப்புறம்?" என்றாள் சலேத்மேரி.

"அவ்வளவுதாம்மா."

"ஊரைக் காலி பண்றது?"

"அதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"கப்பலை அலை அடிக்காதா சார்?"

"ஆழத்துல அலை தெரியாது. கரைக்கு வந்தாத்தான் அது எந்திரிக்கும். கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டதற்குத்தான் பதில் வந்திருந்தது. கேட்டவள் அவள்.

தாளைத் தினமும் மாளிகைக்கு எடுத்துப் போவது மாசிலாமணியின் வேலை. நாளைக்கு நான் கொண்டு போகிறேன் என்று அவள் கேட்டாள். அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தாள்.

"கொண்டு போ," என்றார். "எனக்கு முழங்கால் வலின்னு சொல்லிக்கிடுதேன். நான் வாயைத் திறந்தா பென்ஷன் போயிரும். உனக்கு வேலைதான் போகும்."

"வேலை மட்டும்தானா சார்?"

அவர் தன் மாளிகைப் பாஸை எடுத்து அவள் மேசையில் வைத்தார்.

மாளிகை வராந்தாவில் அதிபர் உட்கார்ந்திருந்தார். டிவியில் பார்ப்பதைவிட வயதானவராக, சாதுவாகத் தெரிந்தார். முன்னால் ஆப்பமும் தேங்காய்ப்பாலும். சற்றுத் தள்ளி இன்னொரு மேசையில் அவருடைய செயலாளர். சலேத்மேரி நீட்டிய தாளை அந்த அம்மாள் வாங்கி, மேசை மேல் இருந்த தட்டையான ஒரு பெட்டிக்குள் வைத்தார். பெட்டிக்குள் ஒரு சின்னக் கை இருந்தது. கையில் பச்சைப் பேனா. அது தாளின் மேல் ஊர்ந்து கொஞ்சம் கோணலாக ஒரு வட்டம் போட்டது, கீழே இறங்கி இன்னொரு வட்டம் போட்டது.

"ஐயா படிக்க மாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கண் ஆபரேஷன் ஆனதிலேருந்து இதுதான். ஒத்துப் பாக்கணும்னு உங்க ஆபீஸ்லேருந்துதானே நிழலோட நகல் ஒண்ணு வாங்கினோம். ஐயா போடுறதும் இது போடுறதும் ஒண்ணா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"ஆபரேஷன் எப்போ?"

"அது ஆச்சு, மூணு வருஷம்."

மூன்று வருஷமாகத் திரும்பி வந்த வட்டங்களை ஆவுடையப்பன் சிரத்தையாக மறுபடியும் நிழலுக்கே ஊட்டிக்கொண்டிருந்தார், அதிபரின் மனசு மாறினால் அதுவும் மாற வேண்டுமே என்று. இந்தப் பக்கம் ஒரு நிழல், அந்தப் பக்கம் ஒரு நிழல். நடுவில் இவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆனால் மனிதர் இதோ எதிரே இருந்தார். பத்தடி தூரம்கூட இல்லை. அவள் நேராக நடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, ஒரு நிமிசம். சங்குமுனையைப் பத்தி."

செயலாளர் எழுந்தார். அதிபர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். "நீயும் உக்காரும்மா. ஆப்பம் சாப்பிடுதியா?" என்று சலேத்மேரியிடம் கேட்டார்.

அவள் உட்காரவில்லை. நத்தையைப் பற்றிச் சொன்னாள், பிளவைப் பற்றிச் சொன்னாள். ஊரைக் காலி செய்தால் நத்தை சாவாள், செய்யாவிட்டால் ஊர் சாகும், இதை நீங்கள் ஒருவர்தான் தீர்மானிக்க முடியும் என்று சொன்னாள். தம்பியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். கண் கலங்கியது போலக்கூட இருந்தது.

"சின்னப் பிள்ளையள்லாம் இருக்குமே."

"பள்ளிக்கூடமே இருக்குங்கய்யா."

அவர் ஆப்பத்தைத் தள்ளி வைத்தார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"நீங்க ஏற்கெனவே சொல்லிட்டீங்க ஐயா," என்று அந்த அம்மாள் திரையைப் பார்த்துப் படித்தார். "நிவாரணக் கப்பல் இன்னைக்கு மதியம் அங்க போய் நிக்குது. டாக்டர்கள், கூடாரம், குடிதண்ணி எல்லாம் ஏத்தியாச்சு. சடலங்கள் கெட்டுப் போகாம இருக்க ஐஸ் மட்டும் பாக்கி. அதைப் பக்கத்துலயே எங்கயாவது வாங்கிக்கிடச் சொல்லியிருக்கு."

"ஆளுகளை வெளியேத்தச் சொல்லலியா நான்?"

"இல்லைங்க ஐயா."

"ஏன் சொல்லல?"

"அது தெரியலைங்க. உங்க அனுபவம் முழுக்க அதுல இருக்கு. அதை வச்சு யோசிச்சதுதான்."

அதிபர் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை சலேத்மேரி பார்த்தாள்.

"அப்ப காரணம் இருக்கும்மா," என்றார். "நான் சும்மா ஒண்ணு சொல்ல மாட்டேன்."

ஆபீசுக்குத் திரும்பியதும் மாசிலாமணி அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். ஆவுடையப்பன் மட்டும் அவள் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். மூன்று வருஷம் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதை நிறுத்த முடியுமா அண்ணாச்சி?"

"நிறுத்தணும்னா உத்தரவு வேணும்."

"யாரு குடுக்கணும்?"

"அதிபர்தான்," என்றார்.

சாயங்காலம் அவள் தன் மேசையிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டாள். பிரிவில் வேலை செய்கிறவர்களின் போனை யாராவது ஒருவர் எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கட்டும். நத்தையை நினைத்தாள். அவளும் யாரோ ஒருவனுக்கு அக்காவாக இருக்கலாம். என்னை மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னாள்.

"ஏல பிரகாசி, நான் சொல்லுததை நல்லாக் கேளு. கடல் பொங்கி வரும்ல. பெரிய அலை. ஊரே போயிரும். நீ எல்லாரையும் ஏத்திக்கிட்டு இப்பமே கிளம்பு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

"உன் புள்ளிவிவரத்துல வந்திச்சா?"

"நான் புள்ளிவிவரத்துல இல்லல. உளவுல இருக்கேன். இத்தன வருசமாப் பொய்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "சரி, உளவு அக்கா. வெளிய ஆழக்கடல்ல என்ன நிக்கின்னு உனக்குத் தெரியுமா? அதிபர் கப்பல். அவர் படம் வச்சு, லைட்டெல்லாம் போட்டு. எங்க திருநாளுக்குன்னு அனுப்பியிருக்காரு. ஃபாதருக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. இந்த ஊரை யாரு இம்புட்டு நாளா நெனச்சுப் பாத்தா சொல்லு."

"அது திருநாளுக்கு வரலல."

"அலை வரும்னா கவுர்மென்டு கப்பலை இங்க கொண்டாந்து நிப்பாட்டுவானா? அவன்தான மொதல்ல ஓடணும்? கப்பல் இருக்குததைப் பாத்துட்டுக் கடலுக்குப் போவாத ஆளெல்லாம்கூட இன்னைக்குப் போட்டை எடுத்துக்கிட்டுச் சுத்திப் பாத்துட்டு வந்தானுவ. ஒரு பயமும் இல்ல. நீ நல்லாத் தூங்குக்கா. காச்சல்ல உளறுத."

"பிரகாசி..."

"இன்னொண்ணு கேளு. எனக்குத்தான் யோகம். என் பிளான்ட்ல இருந்த ஐஸை மொத்தமா வாங்கிக்கிட்டானுவ. ரொக்கம். நாளைக்கும் எம்புட்டு இருந்தாலும் வேணும்னு சொல்லியிருக்கானுவ. நானே போட்டுல கொண்டு போய் ஏத்திட்டு வந்தேன். ஆனா ஒண்ணு மட்டும் வெளங்கலக்கா. அதுல ஒத்த மீன் கிடையாது. மீன் இல்லாத கப்பலுக்கு எதுக்கு இம்புட்டு ஐஸு?"

சலேத்மேரி அதற்குப் பதில் சொன்னாள். மறைக்காமல், பச்சையாகச் சொன்னாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பேண்டுச் சத்தம் எழுந்தது. கோயில் மணி அடித்தது. சனங்கள் ஒன்றாகக் கூவினார்கள்.

"ஒண்ணும் கேக்கலக்கா. கொடி வந்துட்டு. கயித்தை நான்தான் பிடிக்கணும். ஏத்தி முடிச்சுட்டு நானே கூப்பிடுதேன்," என்று அவன் கத்தினான். போனை வைத்துவிட்டான்.

அவள் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டபோது லைன் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் துண்டித்திருக்க வேண்டும்.

கதவருகில் காவலர்கள் யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிரே நாளைய தாள் திறந்திருந்தது. சங்குமுனைச் செய்தியை இன்று அவள் எழுதவில்லை. முந்தாநாள் எழுதியதையே நிழல் எடுத்துப் போட்டிருந்தது.

அதற்கு இன்றும் வட்டம் விழுந்திருந்தது.